உன் அம்மா பெயரில் வந்த லேகியம்

தம்பி,

போன வியாழக்கிழமை நீ போனில் கேட்ட லேகியத்தை நான் கிண்டவில்லை. கிண்டப் போவதும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம் வருகிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். அவளுடைய அஞ்சாம் வகுப்புப் படிப்பு இன்னும் தேய்ந்துபோகவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். மருமகள் கயலும் படிக்கட்டும். அதற்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் எனக்கு வெட்கமில்லை. உன் அம்மாவுக்கும் இல்லையாம். அவளைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அப்பா, ஏன் புள்ள உண்டாகலன்னு கயலுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணும் தெரியலங்கறாங்க. வயித்துல சின்னதா தொள போட்டு உள்ள பாத்துரலாம்னு நான்தான் சொல்லி, அடுத்த மாசம் மொத வாரத்துல நாள் வாங்கிருக்கேன். அதுக்கு முன்னாடி டாக்டரம்மா என்னையும் ஒரு டெஸ்ட் குடுக்கச் சொல்றாங்க. அதெல்லாம் எனக்குச் சரிவராதுப்பா. அம்மா சாப்ட்டு நான் பொறந்தேன்ல, அந்த லேகியத்தச் செஞ்சு பஸ்ஸுல போட்டு விடுங்க. மேல கயல் பேரு எழுதிடுங்க. எதுக்கும் நானும் அதுலயே ரெண்டு வாய் போட்டுக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை நீ வேகமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். வேகமாகச் சொன்னதால்தான் அது என் காதில் நின்றது.

உன் குரலைச் சத்தமாக வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா முற்றத்தில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். "செஞ்சு குடுங்களேன், அதுல என்ன? எனக்குப் பலிச்சுதே" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக அவள் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு நகர முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கதை பொய், தம்பி. நீ அந்த லேகியத்தால் பிறக்கவில்லை. கதையைத் தொடக்கி வைத்தவன் நான். அதை நம்பி நீ கயலின் வயிற்றில் கத்தி வைக்கச் சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறாய்.

நான் அடுப்பில் இருந்த காலத்தை நீ பார்த்ததில்லை. நீ வைத்தியர் ஐயாவின் மருந்துக்கடைக்கு வரத் தொடங்கியபோது நான் வேர் சேகரிக்கிறவனாகியிருந்தேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் எனக்கு அடுப்புதான். முன்பக்கம் கடை, நடுவில் வைத்தியர் ஐயா நாடி பார்க்கும் அறை, பின்னால் கீற்றுக் கொட்டகை. கொட்டகையில் கோட்டை அடுப்பு, அதன்மேல் நான்கு பேர் சேர்ந்து இறக்கும் வெண்கல உருளி. காலையில் சவுக்கு விறகை வைத்தால் பொழுது சாயும்வரை அணையாது. அடுப்பு வாய்க்கு நேரே ஒரு குட்டை மணை போட்டு, இரண்டு காலையும் அகட்டி உட்கார்ந்து துடுப்புப் போட்டு லேகியம் கிண்டுவேன். பனைவெல்லப் பாகு முறுகி வரும் வாசனையும், பொடியைத் தூவும்போது மூக்கில் ஏறும் காரமும், நெய்யை ஊற்றியதும் துடுப்பு சட்டென்று லேசாகிப் போவதும் இப்போது சொல்லும்போதே என் கையில் வந்து உட்கார்கின்றன. எந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நெருஞ்சிலை முகர்ந்து சொல்வேன். அமுக்கராவை நாக்கில் வைத்துச் சொல்வேன். பூனைக்காலிக் காயை யாரும் எனக்குக் காட்ட வேண்டியதில்லை. அதன் சுனை முழங்கையில் பட்டு ஒரு நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு சுற்றியவன் நான். அதன் விதையைப் பாலில் வேகவைத்துத் தோலை உரித்து முடிக்கும்வரை ஐயா பக்கத்தை விட்டு நகரமாட்டார். "தோலு ஒண்ணு உள்ள போனாலும் அது மருந்து இல்லடா, வெனை" என்பார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதைதான். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றியும் ஒரு குறை வரும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பூனைக்காலி போட்ட லேகியம் ஆண்களுக்கானது. ஆனால் எந்த ஆணும் தனக்கு என்று கேட்டு வந்து நான் பார்த்ததில்லை. மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். புருஷன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏதோ வழிப்போக்கன் மாதிரி நிற்பான். ஐயா அந்தப் பெண்ணின் நாடியைப் பார்ப்பார். பிறகு வாசலைப் பார்த்து, "தம்பி, அந்த மூட்டைய கொஞ்சம் உள்ள தூக்கி வச்சுட்டுப் போங்க" என்பார். மூட்டையோடு உள்ளே வந்தவனிடம் கொட்டகையில் வைத்துத்தான் கேள்விகள். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து கீழே வீங்கியதா, என்ன வேலை, எவ்வளவு நேரம் சூட்டில், பீடி உண்டா, விதைப்பையில் நரம்பு முடிச்சு தட்டுப்படுகிறதா. நான் துடுப்புப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். சிலரிடம், "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, நாளக் கடத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். குவைத்திலிருந்து வந்த ஒரு பாய், "வைத்தியரே, வெரசா பலிக்கற மாதிரி குடுங்க, லீவு நாப்பத்தஞ்சு நாளுதான்" என்றார். "பாய், மருந்தே நாப்பத்தெட்டு நாளு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா நான் என்னத்தக் குடுக்கறது? மொதலாளிகிட்ட லீவு கேளுங்க, அதான் மொத வைத்தியம்" என்றார் ஐயா. அந்தப் பாய் சிரித்த சிரிப்பில் நான் பாகின் பதத்தைத் தவறவிட்டேன்.

மருந்து கொடுக்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு ஐயா பொட்டலத்தின்மேல் பெண்டாட்டி பெயரை எழுதுவார். ஆண் பெயர் எழுதிய பொட்டலம் போனால் அவன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, மருந்தையும் வாய்க்காலில் எறிந்துவிடுவான். அதனால் இந்த ஏற்பாடு. ஊரில் எல்லா வைத்தியர்களும் அப்படித்தான் செய்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த எண்ணம் முழுக்க ஆணுக்காகவே இருந்தது. பெயருக்கு உரியவள் அதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று ஐயாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஊருக்கெல்லாம் லேகியம் கிண்டுகிறவன் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்று கடைக்கு வருகிறவர்களே கேலி பேசினார்கள். ஒருநாள் ஐயா கொட்டகைக்கு வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏண்டா, நீ ஒக்காந்துருக்கற எடத்தப் பாத்தியா? அங்க ஒரு கோழிமுட்டைய வச்சா மத்தியானத்துக்குள்ள வெந்துரும். பதினோரு வருசமா என்னத்த வேகவச்சுக்கிட்டு இருக்க?" என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. மூட்டை தூக்கி வந்தவர்களிடம் கேட்ட அத்தனை கேள்வியையும் என்னிடம் கேட்டார். "செண்பகத்துக்கு நாடி நல்லாருக்கு. எனக்கு ஒம்மேலதான் சந்தேகம். நாளையிலேருந்து அடுப்புக்கு வேற ஆளு. நீ வேரு பறிக்கப் போ. இத ஒரு மண்டலம் சாப்புடு. பேரு அவ பேருதான் எழுதிருக்கேன், நீ கூச்சப்படாத" என்று சொல்லி டப்பாவைக் கையில் கொடுத்தார். நானே கிண்டிய லேகியம்.

வீட்டில் உன் அம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே. "செண்பகம், காலை மாலை நெல்லிக்காய் அளவு, பாலில்" என்று படித்தாள். "எனக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான், தம்பி. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் சுலபமான பதிலாக இருந்தது. மறுநாள் மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவள் குளித்து, சாமி கும்பிட்டு, நம்பிக்கையோடு முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு நாளும் அவள்தான் தின்றாள். நான் ஒரு சொட்டுக்கூட நக்கிப் பார்க்கவில்லை.

பாதி டப்பா தீர்ந்த சமயத்தில் திருநள்ளாற்றில் உன் பெரியம்மா வீட்டில் பெண்ணுக்குச் சடங்கு வந்தது. உன் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு ஆலத்தித் தட்டை எடுக்கப் போனாள். பந்தலில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ சித்த அங்கிட்டு ஒக்காரு செண்பகம். புள்ள பெத்தவங்க சுத்தட்டும்" என்றாள். உன் அம்மா நகர்ந்துகொண்டாள். சமையல்கட்டுக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். நான் பந்தியில் இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். யாருக்குக் குறை என்று அந்தப் பந்தலிலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான். சாம்பார் வந்தது. ஊற்றச் சொல்லிப் பிசைந்து சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வந்து, "எழுதிட்டேன், மேல சொல்லுங்க" என்கிறாள்.

அடுப்பை விட்ட அந்த வருஷம்தான் என் ஆயுசிலேயே நல்ல வருஷம். அரசலாற்றுக் கரையில் நடப்பேன். வயல் வாய்க்கால் ஓரம் நீர்முள்ளி, கடற்கரைப் பக்கம் மணலில் நெருஞ்சில். காற்று மேலே படும். பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வருவேன். கல்யாணமான நாளிலிருந்து புகை நாற்றத்தோடு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், உட்கார்ந்து உன் அம்மாவிடம் பேச ஆரம்பித்தேன். நான் பறித்துவந்த வேரை அவள் அலசிக் கொடுப்பாள். மண்ணோடு சேர்ந்து என் கதைகளையும் அலசுவாள். "இத்தன வருசமா ஒங்களுக்குப் பேசத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சிரித்தாள். நான் அடுப்பை விட்ட எட்டாவது மாதம் அவளுக்கு நாள் தள்ளிப் போனது. நீ வந்தாய். அடுப்பை விட்டதால் வந்தாயா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. மருந்தைச் சாப்பிட வேண்டியவன் சாப்பிடவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் ஊர் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டது. ஐயாவும் நான் சாப்பிட்டேன் என்றே நம்பினார். கொட்டகைக்குள் மூட்டை தூக்கி வருகிற ஆண்களிடம் மட்டும் என்னைக் காட்டி, "இந்தா நிக்கறான் பாருங்க, கேட்டுக்கங்க" என்பார். நானும் தலையை ஆட்டினேன். அப்படி வந்த பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் என்னைத் தனியாக மறித்து, "அண்ணே, நெசமாவே பலிச்சுதா?" என்று கேட்டார். என் இடுப்பில் நீ இருந்தாய். "பாக்கறீங்கள்ல, கையில இருக்கான்" என்றேன். அவர் நம்பி வாங்கினார். வருஷக்கணக்கில் வாங்கினார். ஐயா ஒரு கட்டத்துக்குமேல், ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. அடுப்புக்காரன் வீட்டிலேயே பலித்திருக்கிறதே, நமக்குப் பலிக்கவில்லை என்றால் குறை பெண்டாட்டியிடம்தான் என்று முடிவு கட்டினார். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் செய்தார். அங்கேயும் பிள்ளை இல்லை. அந்த முதல் சம்சாரம் பிறகு சந்தையில் கீரை விற்றாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பையன் எந்தக் கிளாசுண்ணே படிக்கறான்?" என்று கேட்பாள். நான் கீரை வாங்க வேறு சந்துக்குப் போக ஆரம்பித்தேன்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகச் சாப்பிட்டுத் தேறினேன் என்று வந்து சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். பலிக்காதவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை. அதனால் எத்தனை பேருக்குப் பலித்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்கிறவனையும் நம்பாதே. இப்போது போனில் ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு டப்பா விற்கிறானாமே, அவன் உன்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டானா? எங்கள் ஐயா மூட்டை தூக்க வைத்தாவது கேட்டார். உன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எதைக் கிண்டி அனுப்புவது? முதலில் அந்தச் சோதனை. பிறகு டாக்டரம்மா நாட்டு மருந்தும் சாப்பிடலாம் என்று சொன்னால் சொல்லு. இந்த வயசிலும் துடுப்புப் பிடிப்பேன்.

வியாழக்கிழமை போனை வைத்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். "அது ஒனக்குக் குடுத்தது இல்ல செண்பகம். எனக்குக் குடுத்தது."

"எது?"

"அந்த லேகியம்."

மீனும் கையுமாக நிமிர்ந்தாள். "ஆம்பள லேகியத்தையா நான் தின்னேன்?"

"ஆமா."

"நாப்பத்தெட்டு நாளுமா?"

"ஆமா."

"அதான் அப்ப எனக்கு அந்தப் பசி பசிச்சுது! ஒரு ஒலைச் சோத்த நானே தின்னேனே!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "எங்கக்கா என்னைய ஒக்காருன்னு சொன்னப்ப ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "எங்கக்காகிட்ட வந்து சொல்லுங்க. அவளுக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு. சனிக்கெழம கோயில் கூட்டத்துல பஸ்ஸு கெடைக்காது. நாளைக்கே போவம்" என்றாள்.

போனோம். உன் பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை யாத்திரைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறானே, தலை துவட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பெரியம்மாவுக்கு இப்போது காது முக்கால்வாசி போய்விட்டது. நான் மெதுவாகச் சொன்னது விழவில்லை. கத்தினேன்.

"அக்கா, கொற எங்கிட்டதான் இருந்துச்சு!"

"என்ன கொற தம்பி? ஒடம்புக்கா?"

"புள்ள இல்லாத கொற!"

"அதான் புள்ள இருக்கானே, பாண்டிச்சேரில!"

"அப்ப! அவன் பொறக்கறதுக்கு முன்னாடி! செண்பகத்துக்கு ஒண்ணுமில்ல! எனக்குத்தான்! எனக்குத் தெரியும், தெரிஞ்சுகிட்டே சொல்லல!"

தலை துவட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. தெருவுக்கே கேட்டுவிட்டது. பெரியம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, "அன்னிக்கு ஏண்டி வாய மூடிக்கிட்டுத் தேங்கா துருவுன?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சாத்தானேக்கா சொல்லுவேன்" என்று இவளும் கத்தினாள். பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க தெரிஞ்சுகிட்டே ஒக்காந்து சோறு தின்னீங்க" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் உண்மைக்குத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. தங்கையின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா இன்னொன்று கேட்டாள். "பொங்கலுக்கு வந்தப்ப அந்தப் பொண்ணு கயலையும் நான் ரெண்டு வார்த்த சொல்லிப்புட்டேனே. அங்கயும் இதே கதைதானா?"

எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீ போய்ச் சோதனை கொடுத்தால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு குப்பியில் எடுத்துக் கொடுப்பதற்கு நீ கூச்சப்படுகிறாய். அவள் ஆறு வருஷமாக ஊசிக்கும் டாக்டர்கள் கைக்கும் உடம்பைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், கூச்சம் அவளுக்கும் உண்டு. குறித்த நாளுக்கு முன்னால் போ. அவளைக் கூட்டிக்கொண்டே போ. உன்னிடம் ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லது, நீயும் அவளுக்குச் சமமாக ஒரு தடவை வரிசையில் உட்கார்ந்தாய் என்று ஆகும். உன்னிடம்தான் என்று வந்தால் அதற்கு இப்போது வழி இருக்கிறது, டாக்டரம்மா சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் அதை நீதான் சொல்லவேண்டும். அவளைச் சொல்ல விடாதே.

பயப்படாதே, தம்பி. எனக்குத் திருநள்ளாற்றுத் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. அது முப்பத்தெட்டு வருஷம் தாமதித்ததற்கு. கயலுக்குக் காது நன்றாகக் கேட்கும். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாலே போதும்.